கொடி இறங்காத ஆட்டம்

செஞ்சியை அடுத்துள்ள மேலச்சேரிக்குப் பழைய செஞ்சி என்றொரு பெயரும் உண்டு. அங்குள்ள துரோபதை அம்மன் கோயிலைத் தம் வழிபாட்டின் தாய்க்கோயிலாகக் கருதுவோர் வடதமிழ்நாட்டில் பலர். நூறு தலை அரக்கனை அழிக்கப் பாஞ்சாலி செஞ்சிக் காட்டில் மீண்டும் தோன்றினாள் என்பது அவர்தம் நம்பிக்கை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். மெய்நிகர் உலகு பற்றி இன்று எழுதுவோர் கணினியிலிருந்தே தொடங்குகின்றனர். செஞ்சி வட்டாரத்திலோ கற்பனை உலகும் கண்முன் உள்ள உலகும் ஒன்றோடொன்று கலப்பதற்கு நெடிய வரலாறு உண்டு.

பாரத விழா நடக்கும் நாள்களில் பகலில் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாக ஊரே போர்க்களமாகிறது. அருச்சுனன் தவத்தன்று கூத்தர் உயர்ந்த மரத்தில் உண்மையாகவே ஏறுகிறார். மேலிருந்து அவர் எறியும் கனியைக் குழந்தை வேண்டும் பெண்கள் மடியேந்திப் பெறுகின்றனர். துகிலுரியும் இரவில் துச்சாதனனாக வருபவர், அம்மன் வேடத்தாரை வணங்கிப் பொறுத்தருளக் கேட்ட பின்னரே சேலையில் கை வைக்கும் வழக்கமும் உண்டு. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனப் பேருரு வெட்டவெளியில் கிடக்கும். அதன் தொடையை வீமன் பிளக்கையில் கூத்தர்க்கு மட்டுமன்றிக் காண்போர்க்கும் அருள் வந்துவிடும். இவர்களுள் எவரையும் உளநோயர் என்று அழைக்க மருத்துவர் துணியார்.

ஏன்? கலப்பின் ஆழம் குறைவு என்பதாலா? இல்லை, மின்விளையாட்டில் மூழ்கித் திரைமுன் அமர்ந்திருக்கும் சிறுவனைவிடப் படுகளத்தில் நிற்பவர் ஆழ்ந்தே கலந்திருக்கிறார். வேறுபாடு வாயிலில் உள்ளது. கொடியேற்றிக் காப்புக் கட்டினால் விழா தொடங்கும். காப்புக் கட்டியவர் அது முடியும்வரை ஊரெல்லை தாண்டுவதில்லை. ஆட்டத்தின் நடுவே கட்டியங்காரன் புகுந்து, அரசனையே நகையாடி, விலைவாசியையும் ஊர்ச்செய்தியையும் பேசிக் காண்போரை நிகழ்காலத்துக்கு இழுத்து வருவான். தீமிதி முடியும், தருமர் முடிசூடுவார், கொடி இறங்கும், காப்பு அவிழும். மறுநாள் வீமன் வயலுக்குப் போவார். டச்சு அறிஞர் யோகான் ஹுய்சிங்கா 1938இல் எழுதிய ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில், விளையாட்டு என்பது காலத்தாலும் இடத்தாலும் வரம்பிடப்பட்டது என்பதை அதன் இயல்புகளுள் ஒன்றாகக் கூறினார். மின்விளையாட்டு தோன்றுவதற்குப் பல்லாண்டுகட்கு முன்பே எழுதப்பட்ட கருத்து அது. இன்றைய சிக்கலின் மையமும் அந்த வரம்பேதான்.

ஆடும்போது மூளை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். 1998இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வில், இலண்டன் அறிவியலார் எண்மரைப் போர்வண்டி ஓட்டும் கணினி ஆட்டமொன்றை ஆடச் செய்து, அவ்வேளையில் அவர்தம் மூளையை அலகிட்டனர். மூளையின் உட்பகுதியில் உள்ள வரியுடலத்தில் டோபமின் சுரப்பு உயர்ந்தது கண்டறியப்பட்டது. இதைக்கொண்டு ஆட்டம் நஞ்சு என்று முழங்கியோர் உளர். அது பிழையான முடிவு. சுவையான உணவும் நல்ல இசையும் அதே சுரப்பைத் தூண்டுவனவே. நரம்பியல் அறிஞர் வுல்ஃப்ராம் ஷுல்ட்சு குரங்குகளில் நிகழ்த்திய ஆய்வுகள் இதனினும் நுட்பமான செய்தியைத் தந்தன: டோபமின் நரம்பணுக்கள் பரிசுக்காகத் துடிப்பதைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடைப்பட்ட வேறுபாட்டுக்கே துடிக்கின்றன. முன்பே தெரிந்த பரிசு அவற்றை அசைப்பதில்லை. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத பரிசுதான் உயிரைக் கட்டிப்போடுகிறது. எலி, புறாக்களைக் கொண்டு உளவியல் அறிஞர் ஸ்கின்னர் முன்னரே காட்டியதும் இதுவே: ஒழுங்கற்ற இடைவெளியில் இரை பெறும் உயிர், இரை நின்ற பின்னரும் நெடுநேரம் பொறியைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

ஆட்டம் திரையைவிட்டு வெளியே கசிவதும் உண்மை. ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் ஆட்டத்தை ஆடியவர்கள் உறக்கத்தின் வாயிலில் கட்டங்கள் விழக் கண்டனர். வியப்பு என்னவென்றால், நினைவிழப்பு நோயால் தாம் ஆடியதையே மறந்துவிட்ட சிலருக்கும் அதே உருக்கள் தோன்றின. ஏஞ்சலிகா ஓர்ட்டிஸ் தெ கோர்தாரி, மார்க் கிரிஃபித்சு உள்ளிட்டோர் 2011இல் இளம் ஆட்டக்காரர்களிடம் கேட்டறிந்த செய்திகளில், கைநழுவி விழுந்த உணவை மீட்க ஆட்டக்கருவியின் பொத்தானைத் தேடிய விரலும் உண்டு. இவை பெரும்பாலும் நொடிப்பொழுதில் தெளியும் மயக்கங்கள். இவற்றையே பித்து என்று அஞ்சத் தேவையில்லை. மகன் தூக்கத்தில் சுடு, சுடு என்று பிதற்றினான் எனப் பதறும் பெற்றோர்க்கு இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டும்.

அஞ்சத்தக்கது வேறு. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி இறுதியில் ஒருவரோ ஒரு குழுவோ எஞ்சும் பப்ஜி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு சுற்று அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்; ஆயினும் ஆட்டம் முடிவதில்லை. தோற்ற கணமே அடுத்த சுற்றுக்கான பொத்தான் ஒளிரும். நாள்தோறும் வருபவர்க்குப் பரிசு, ஒரு பருவத்துக்குள் சேர்த்தாக வேண்டிய புள்ளிகள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலை கொடுக்கும் பெட்டிகள், நீ விலகினால் குழு தோற்கும் என்ற கூச்சம், இவை யாவும் வெளியேறும் வாயிலை மூடுவதற்கே அமைந்தவை. தன்னடக்கத்துக்குத் துணைநிற்கும் முன்மூளைப் புறணியோ இருபது அகவை கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பது. பதினான்கு அகவையாரின் அவ்வுறுப்பை, தேர்ந்த வல்லுநர் கூட்டம் வகுத்த பொறிக்கு எதிரே நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு மனவுறுதி இல்லை என்று குறைகூறுவது நேர்மையன்று.

உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பை உலக நாடுகள் 2019 மே மாதம் ஏற்றன. 2022 சனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. எத்தனை மணிநேரம் ஆடினால் நோய் என்று அது சொல்லவில்லை. ஆட்டத்தை அடக்க இயலாமை, பிற கடமைகளையும் நாட்டங்களையும் அது விழுங்குதல், கேடு கண்ட பின்னும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டு நீடித்து வாழ்க்கையைச் சிதைத்தால் மட்டுமே அப்பெயர் பொருந்தும். இவ்வகைப்பாடு இயல்பான ஆட்டக்காரரையும் நோயராக்கிவிடும் என்று எதிர்த்த ஆய்வாளரும் உளர். அவர்தம் எச்சரிக்கையில் உண்மை இல்லாமலில்லை. ஆடுவோருள் மிகச் சிறுபான்மையினரே இந்நிலைக்கு ஆளாகின்றனர். பலருக்கு உள்ளச்சோர்வோ தனிமையோ முதலில் வருகிறது. ஆட்டம் பின்னர் வருகிறது. பெங்களூரு நிம்கான்சு மனநல நிறுவனத்தில் 2014 முதல் இதற்கெனவே இயங்கும் மருத்துவப் பிரிவின் பெயரிலேயே தொழில்நுட்பத்தை நலமுறப் பயன்படுத்தல் என்ற நோக்கம் அமைந்துள்ளது. முழுத் துறவு அதன் பெயரில் இல்லை.

அரசுகள் கைவைத்த இடங்கள் வேறு. 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்றானபோது சொல்லப்பட்டது நாட்டின் பாதுகாப்பு, சிறுவர்தம் உறக்கமன்று. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ஆளுநரால் ஒருமுறை திருப்பியனுப்பப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதன்வழி 2025இல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை நுழையக் கூடாது என்றன. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு சூன் மாதம் அவ்விதிகள் செல்லும் என்றது. கூத்து உச்சம் பெறும் அதே நாழிகைகள் அவை என்பது செஞ்சிக்காரர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும் இரவுக்கொரு வேலியிட்ட அவ்விதி, எனக்குத் தெரிந்தவரை நோயின் வேரை ஓரளவேனும் தொட்டது. 2025 ஆகத்துத் திங்களில் வந்த நடுவண் சட்டமோ பண ஆட்டங்களை அடியோடு தடுத்துவிட்டு மற்றவற்றை வளர்க்க முனைகிறது. அந்த மற்றவற்றில்தான் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெல்சியம் 2018இலேயே விலைகொடுத்து வாங்கும் மறைபெட்டிகளைச் சூதாட்டமெனக் கணித்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே ஆடுபவர் எழுந்து போவதற்கு ஓர் இடைவெளி வைக்கும்படி நம் சட்டங்கள் இரண்டும் எந்த நிறுவனத்தையும் கேட்கவில்லை.