சில்லு நின்றால் சீவியம் நிற்கும்
சைக்கிள் குண்டுகளை நாமே கழுவிப் பூட்டுவோம்

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி வெளியேறியபோது, பல குடும்பங்களின் உடைமை முழுவதும் ஒரு சைக்கிளிலேயே இருந்தது. கரியரில் அரிசிப் பை, ஹாண்டிலில் உடுப்புப் பை, பாரில் பிள்ளை. சனநெரிசலில் ஏறி ஓட இடமில்லாமல் அதை உருட்டிக்கொண்டே நடந்தார்கள்.

காணியை விட்டு வந்த விவசாயிக்குச் சைக்கிள்தான் வண்டில். தண்ணீர் எடுக்கவும், மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பிறர் வயலுக்குக் கூலிக்குப் போகவும் அதுவே வேண்டும். எம்மோடு பேசிய ஒரு தந்தை, பின்சில்லில் "கடக் கடக்" என்ற சத்தத்தோடு இரண்டு மாதம் ஓடியிருக்கிறார். ஒருநாள் கத்தரிக்காய் மூட்டையோடு போகையில் நடுவழியில் கோன் உடைந்தது. அன்றைய வருமானமும் போயிற்று. திருத்தச் செலவும் வந்தது. சத்தம் கேட்ட அன்றே கழற்றிப் பார்த்திருந்தால் கொஞ்சம் கிறீஸோடு காரியம் முடிந்திருக்கும்.

பின்சில்லின் நடுக்குடத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்திற்கு 9 வீதம் 18 குண்டுகளே. ஒவ்வொன்றும் 1/4 அங்குலம். முன்சில்லில் பக்கத்திற்கு 10 வீதம், 3/16 அங்குலக் குண்டுகள் இருக்கும். கரியரில் ஏற்றும் நெல்மூட்டையின் பாரத்தில் பெரும்பங்கு பின்சில்லின் அந்தக் குண்டுகள் மேலேயே இறங்குகிறது. மாரி வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே நீரும் மணலும் புகுந்து கிறீஸைக் கெடுக்கும். ஆகவே மாரி முடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை கழற்றிக் கழுவுவது நல்லது.

தேவையானவை: அளவான ஸ்பனர்கள், கொஞ்சம் மண்ணெண்ணெய், கிறீஸ், பழைய துணி, இரண்டு சிரட்டைகள், நிலத்தில் விரிக்க ஒரு சாக்கு. மண்ணெண்ணெயைத் தேநீர்க் கோப்பையிலோ சோடாப் போத்தலிலோ வைக்கவேண்டாம்; சிறுபிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். அடுப்புக்கு அருகிலும் வைக்கவேண்டாம். கழுவிய எண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றவும் கூடாது.

சில்லு

முதலில் சில்லை நிலத்திலிருந்து தூக்கி இருபக்கமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. சுழற்றும்போது கரகரத்தால் உள்ளே மண் அல்லது தேய்வு இருக்கிறது.

சில்லைக் கழற்றிச் சாக்கின் மேல் வையுங்கள். ஒரு பக்கத்துக் கோனை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கக் கோன் அச்சோடு இருக்கட்டும். பின்சில்லானால் பிறீவீலைக் கழற்றத் தேவையில்லை. இடப்பக்கக் கோனைக் கழற்றி, அச்சை வலப்பக்கமாக இழுத்தால் போதும். குண்டுகளை எண்ணி, ஒவ்வொரு பக்கத்துக் குண்டுகளையும் தனித்தனிச் சிரட்டையில் போடுங்கள். எண்ணிக்கையைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். கோனிலும் கோப்பையிலும் குண்டு ஓடும் தடம் கண்ணாடி போல இருக்கவேண்டும். நகத்தில் தடக்கும் பள்ளம் கோனில் இருந்தால் அதை மாற்றுங்கள். ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் இரு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலந்தால், பாரம் முழுவதையும் பெரிய குண்டே தாங்கி உடையும். கடைக்குப் போகும்போது பழைய குண்டொன்றை அளவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

கோப்பையில் கிறீஸ் பூசி, அதில் குண்டுகளை ஒட்டவையுங்கள். கிறீஸுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகும். அச்சைச் செலுத்தி, கோனைக் கையால் இறுகும்வரை திருகி, கால் சுற்றுத் தளர்த்துங்கள். கோனை ஸ்பனரால் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்குங்கள். அந்த நட்டு இறுகும்போது கோனும் சேர்ந்து இறுகக்கூடும்; ஆகவே மீண்டும் சோதியுங்கள். முன்சில்லைப் பூட்டி மெல்லச் சுழற்றிவிட்டால், பாரமான பக்கம் கீழே வந்து தானாக நிற்கவேண்டும். பக்க ஆட்டமும் இருக்கக்கூடாது.

ஹாண்டில் கழுத்து

முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்தில் "டக் டக்" என்றால் தளர்வு. முன்சில்லைத் தூக்கி ஹாண்டிலைத் திருப்பும்போது நேராக நிற்குமிடத்தில் பிடித்துக்கொண்டால், கீழ்க் கோப்பையில் பள்ளம் விழுந்திருக்கிறது.

முன்சில்லையும் பிரேக் கம்பியையும் கழற்றுங்கள். ஹாண்டில் நடுவிலுள்ள நீள ஆணியை மூன்று நாலு சுற்றுத் தளர்த்தி, அதன்மேல் பலகைத் துண்டை வைத்து மெல்லத் தட்டினால் ஹாண்டில் விடுபடும். மேல் நட்டைக் கழற்றும்போது ஒருவர் போர்க்கைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் குண்டுகள் சிதறும். மேல், கீழ்க் குண்டுகளைத் தனித்தனியே எண்ணுங்கள்.

பூட்டும்போது சைக்கிளைக் கவிழ்த்தால் கீழ்க் கோப்பை மேலே பார்க்கும். குண்டுகளைக் கிறீஸில் அடுக்குவது இலகு. போர்க்கை இறக்கி, இறுகப் பிடித்தபடியே நிமிர்த்துங்கள். அதன்பின் மேற்குண்டுகளை அடுக்கிப் பூட்டுங்கள். ஆட்டமின்றி, தடையுமின்றித் திரும்பினால் சரி. முடிவில் முன்சில்லை இரு முழங்காலுக்கிடையில் பிடித்து ஹாண்டிலை முறுக்கிப் பாருங்கள். அது தனியே திரும்பினால் நீள ஆணியை இன்னும் இறுக்கவேண்டும். பிரேக்கைச் சோதிக்காமல் பிள்ளையை ஏற்றவேண்டாம்.

ஸ்பனர் செட் ஒன்றை ஒவ்வொரு வீடும் வாங்கவேண்டியதில்லை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் வளவில் ஒரு சைக்கிளை எல்லோருமாகக் கழற்றிப் பூட்டுங்கள். பெண்பிள்ளைகளும் கையில் கிறீஸ் படச் செய்யட்டும். தந்தை இல்லாத வீட்டில் தாயும் மகளும்தான் அந்தச் சைக்கிளை ஓட்டுகிறார்கள். நாளை ஊருக்குத் திரும்பினாலும், வேறிடம் போக நேர்ந்தாலும், மூட்டையில் இடம் பிடிக்காமல் கூட வருவது இந்தக் கைப்பழக்கம்.