பெட்டி நிறைய வேண்டாம், போல்ட்டுக்குப் பொருந்தினால் போதும்!

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று ஊரில் சொல்வார்கள். மும்பை காரேஜில் அந்தப் பழமொழி செல்லாது. துருப்பிடித்த போல்ட்டுக்கும் தொழிலாளியின் விரலுக்கும் நடுவே இங்கே இருப்பது ஒரு ஸ்பேனர்தான். அது நழுவினால் போல்ட்டின் மூலை மழுங்கும். விரல் முட்டி இரும்பில் மோதிப் பிளக்கும். போல்ட்டை மாற்றிவிடலாம். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நாலு நாள் வீட்டில் உட்கார்ந்தால், அந்த நாலு நாள் கூலியை யார் தருவது?

தாராவி, குர்லா, செம்பூர் பகுதிகளின் சிறு பட்டறைகளில் ஜாக்கி, கம்ப்ரஸர், கிரைண்டர் போன்ற பெரிய சாமான்கள் முதலாளியுடையவை. ஸ்பேனர், திருப்புளி, குறடு ஆகியவற்றை மெக்கானிக்கே கொண்டுவர வேண்டிய இடங்கள் பல உண்டு. நெல்லையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்து, உதவியாளாகச் சேர்ந்து, தனியாக வேலை பார்க்கும் நிலைக்கு உயரும் இளைஞனின் முதல் பெரிய செலவு இந்தக் கருவிப் பெட்டிதான். வீட்டில் ஸ்கூட்டரையும் குழாயையும் தாமே சரிசெய்துகொள்ளும் அலுவலக ஊழியர்களும் கருவி வாங்குகிறார்கள். இருவரின் தேவையும் வேறு. ஆனால் ஏமாறும் இடம் ஒன்றுதான். பளபளக்கும் பெட்டியைப் பார்த்து வாங்குகிறார்கள், திருப்ப வேண்டிய போல்ட்டைப் பார்த்து வாங்குவதில்லை.

கடைவீதியில் என்ன பெயர்?

மும்பையில் கைக்கருவி என்றால் நாக்தேவி தெரு. கிராபர்ட் மார்க்கெட்டுக்கும் மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனுக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியில் வரிசையாகக் கருவிக் கடைகள். புதிதாக வந்தவர் அங்கே தமிழ்நாட்டுப் பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார். ஸ்பேனருக்கு அங்கே ‘பானா’ என்று பெயர். ரிங் ஸ்பேனர் ‘ரிங் பானா’. பாக்ஸ் ஸ்பேனர் ‘கோட்டி பானா’. திருப்புளி ‘பேச்கஸ்’, குறடு ‘பக்கட்’, சுத்தியல் ‘ஹதோடி’, உளி ‘ச்சேனி’. அரத்துக்கு இந்தியில் ‘ரேத்தி’, மராத்தியில் ‘கானஸ்’. அளவை எண்ணால் சொல்ல வேண்டும். ‘பாரா-தேரா’ என்றால் ஒரு முனை 12, மறுமுனை 13 எம்.எம். இந்தப் பத்துச் சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் பேரம் பேசுவதும் சுலபம்.

எண் எதைக் குறிக்கிறது?

ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், போல்ட் தண்டின் பருமன் அல்ல. அறுகோணத் தலையில் எதிரெதிரான இரண்டு பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் அது. 6 எம்.எம். தண்டுள்ள போல்ட்டின் தலை பெரும்பாலும் 10 எம்.எம். இருக்கும். அதற்கு மேலே போனால் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். 8 எம்.எம். தண்டுக்கு ஜப்பானிய வழக்கில் தலை 12. ஐரோப்பிய வழக்கில் 13. 10 எம்.எம். தண்டுக்கு ஜப்பானில் 14. ஐரோப்பாவில் 16 அல்லது 17.

ஆகவே எந்த வண்டியில் வேலை செய்கிறோம் என்பதே முதல் கேள்வி. ஜப்பானிய வழிவந்த பைக்கும் காரும் மிகுந்த பட்டறையில் 8, 10, 12, 14, 17 ஆகிய ஐந்து அளவுகள் நாள் முழுவதும் கையில் இருக்கும். ஐரோப்பிய வழிவந்த வண்டிகளில் 13-ம், 16-ம், 18-ம், 19-ம் அடிக்கடி தேவைப்படும்.

பழைய வண்டிகளின் கதை வேறு. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. அதற்கு அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 எம்.எம். அதில் 13 எம்.எம். ஸ்பேனர் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த 0.3 எம்.எம். இடைவெளிதான் மூலையை மழுக்குகிறது. 2023 அக்டோபருடன் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்ஸியோ இத்தாலிய பியட்டின் வழிவந்தது. அது மெட்ரிக் வண்டி. அதற்காக வாங்கிய நல்ல ஸ்பேனர்களுக்கு இன்றும் வேலை உண்டு.

எதில் பணம் போட வேண்டும்?

கையிருப்புக் குறைவாக இருக்கும்போது எல்லாவற்றையும் நடுத்தரமாக வாங்குவது தவறு. நழுவினால் ஆபத்து உள்ளவற்றை உயர்வாக வாங்கிவிட்டு, மற்றவற்றில் சிக்கனம் பிடிக்கலாம். ஸ்பேனர், ஸ்டார் திருப்புளி, குறடு மூன்றும் முதல் வகை. சுத்தியல், உளி, பிரஷ், காந்தம் போன்றவற்றை சாதாரணமாக வாங்கினால் போதும்.

ஸ்பேனரிலும் வரிசை உண்டு. ஓப்பன் ஸ்பேனர் போல்ட்டின் இரண்டு பட்டைகளை மட்டுமே பிடிக்கிறது. பலமாக இழுத்தால் அதன் வாய் விரியப் பார்க்கும். ரிங் ஸ்பேனர் தலையைச் சுற்றி ஆறு மூலைகளிலும் பிடிப்பதால் சுமை பகிர்ந்து போகிறது. இறுகிய போல்ட்டை ரிங்கால் அசைத்துவிட்டு, பிறகு ஓப்பனால் வேகமாகக் கழற்றுவதே முறை. ஒரு முனை ரிங்காகவும் மறுமுனை ஓப்பனாகவும், இரண்டும் ஒரே அளவில் இருக்கும் காம்பினேஷன் ஸ்பேனர் ஆரம்பக்காரருக்கு ஏற்றது. ஓப்பன் முனையின் வாய் 15 டிகிரி சாய்ந்திருக்கும். இடுக்கான இடத்தில் ஒவ்வொரு முறையும் புரட்டிப் போட்டால் 30 டிகிரி அசைவிலேயே திருப்பிக்கொண்டு போகலாம்.

பாக்ஸ் செட் வாங்குவோர் அரை அங்குலச் சதுரம் உள்ளதையே தேடுகிறார்கள். பைக் வேலைக்கு முக்கால் பங்கு 3/8 அங்குலமே தாங்கும். உள்ளே பன்னிரண்டு மூலை உள்ள பாக்ஸைவிட ஆறு மூலை உள்ளது, மழுங்கிய போல்ட்டை நன்றாகப் பிடிக்கும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று இருக்கட்டும். ஆனால் அது ஸ்பேனருக்கு மாற்று அல்ல. அதைப் போடும்போது இழுக்கும் பளு அசையாத தாடையின்மேல் விழும்படி பிடிக்க வேண்டும்.

10 எம்.எம். ஸ்பேனர் குட்டையாகவும் 19 எம்.எம். ஸ்பேனர் நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. 6 எம்.எம். தண்டுள்ள சாதாரண போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 10 செ.மீ. கைப்பிடியில் 10 கிலோ பலத்தில் இழுத்தால் அந்த அளவு கிடைத்துவிடும். அதே பலத்தை 25 செ.மீ. கைப்பிடியில் காட்டினால் முறுக்கு இரண்டரை மடங்கு. போல்ட் முறியும், இல்லாவிட்டால் அலுமினிய எஞ்சினின் மரை பிய்ந்து வரும். ஸ்பேனரின் வாலில் பைப்பைச் செருகி இழுக்கும் பழக்கம் ஆபத்தானது என்பதற்கும் இதுவே கணக்கு. இறுகிய போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயும் பொறுமையும் வேண்டும். ஸ்பேனரைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளியே ஆக வேண்டுமானால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளினால் முட்டி தப்பும்.

கடையில் பார்க்க வேண்டியவை

கைக்கருவித் தொழில் பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானின் நாகோர் ஆகிய ஊர்களில் வேரூன்றியது. ஜலந்தரில் 1983-ல் மத்திய கைக்கருவிக் கழகமே நிறுவப்பட்டது. நம் மகாராஷ்டிரத்தின் நாசிக்கிலும் பெரிய ஆலை உண்டு. உள்நாட்டுச் சரக்கு மட்டம் என்ற எண்ணம் தேவையில்லை. நல்ல சரக்கும் போலிச் சரக்கும் ஒரே தெருவில் விற்கின்றன என்பதே சிக்கல்.

‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது. அந்த எழுத்தை யாரும் அடித்துவிடலாம். எஃகைப் பழுக்கக் காய்ச்சி, குளிர்வித்து, மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்துவதில்தான் வலிமை இருக்கிறது. அதிகம் கெட்டிப்பட்டால் ஸ்பேனர் உடையும்; குறைந்தால் வாய் விரியும். இதைக் கண்ணால் காண முடியாது. ஆகவே தயாரிப்பாளர் பெயர், பில், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அந்த முத்திரையை வழங்கிய நிறுவனம் 1987-ல் பி.ஐ.எஸ். என்று மாறினாலும் முத்திரை தொடர்கிறது. அதனுடன் உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற கைப்பேசிச் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

சோதிக்க வேறு வழிகளும் உண்டு. புதிய போல்ட் ஒன்றைப் பையில் கொண்டு போய், ஸ்பேனரை அதில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். லேசாக ஏற வேண்டும், கடகடவென்று ஆடக் கூடாது. முலாம் பொரிந்திருந்தால் வேண்டாம். அந்தச் செதில் விரலைக் கிழிக்கும். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே ஒளி தெரியக் கூடாது; மூட்டு பக்கவாட்டில் ஆடவும் கூடாது. ஸ்டார் திருப்புளி 1, 2, 3 என்று எண்களில் வரும். பெரும்பாலான ஸ்குரூவுக்கு 2-ஆம் எண். ஒன்றாம் எண்ணை வைத்து எல்லாவற்றையும் திருகுவதால்தான் ஸ்குரூத் தலைகள் குழிந்து போகின்றன. சுத்தியலின் மரப்பிடியில் நார் நீளவாட்டில் ஓட வேண்டும். அரத்தைப் பிடி இல்லாமல் பயன்படுத்தினால் அதன் கூர்வால் உள்ளங்கையில் ஏறும். பிடியையும் சேர்த்தே வாங்குங்கள். ஆக்ஸா பிளேடில், அறுக்கும் தகட்டின் கனத்தில் எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது படிய வேண்டும். மெல்லிய தகட்டுக்கு அங்குலத்துக்கு 32 பல், கனத்த இரும்புக்கு 18 பல்.

வீட்டுக்கு எவ்வளவு?

ரயில் நிலைய வாசலில் விற்கும் ‘நூறு சாமான் ஒரே பெட்டியில்’ வகையில் எண்பது சாமான் கடைசிவரை வெளியே வராது. மீதி இருபது முதல் வேலையிலேயே வளையும். வீட்டு உபயோகத்துக்கு 10, 12, 13, 14, 17 காம்பினேஷன் ஸ்பேனர், 2-ஆம் எண் ஸ்டார் திருப்புளி, 6 எம்.எம். தட்டைத் திருப்புளி, 8 அங்குலக் குறடு, 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஆலன் கீ ஒரு கொத்து, சிறு சுத்தியல் ஆகியவை போதும்.

மின்சார வேலைக்குக் குறட்டின் பிடியில் 1000 வோல்ட் என்ற குறியும் இரட்டை முக்கோணமும் இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் உறை கைக்கு மெத்தையே தவிர காப்பு அல்ல. டெஸ்டர் விளக்கு எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

பழைய சாமான் வாங்கலாமா?

சோர் பஜாரில் பழைய ஸ்பேனர்கள் குவிந்து கிடக்கும். வாய் விரியாத, விரிசல் இல்லாத, தேய்க்காத பழைய ஸ்பேனர் புது மட்டச் சரக்கைவிட மேல். ஆனால் ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலையின் அடையாளமோ ரயில்வே முத்திரையோ பொறித்த சாமானைத் தொடவே வேண்டாம். திருட்டு என்று சந்தேகிக்கத்தக்க ரயில்வே சொத்து ஒருவரிடம் பிடிபட்டு, அது நேர்வழியில் வந்தது என்று அவரால் காட்ட முடியாவிட்டால், 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. ‘பஜாரில் வாங்கினேன்’ என்று வாயால் சொன்னால் போதாது. மலிவாகக் கிடைத்த பானா வேலைக்கும் மானத்துக்கும் உலை வைத்துவிடும்.

அரசு உதவியும் ஓரளவு உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் கருவி வாங்க 15,000 ரூபாய்வரை தரப்படுகிறது. தச்சர், கொல்லர், கொத்தனார், பூட்டுத் தொழிலாளி உள்ளிட்ட 18 தொழில்கள் அதில் அடக்கம். மோட்டார் மெக்கானிக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மெக்கானிக் தம் கூலியிலிருந்துதான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் வழி இருக்கிறது. முதல் மாதம் தினமும் கையில் எடுக்கும் ஐந்து ஸ்பேனர். அடுத்த மாதம் குறடும் திருப்புளியும். அப்புறம் பாக்ஸ் செட். பக்கத்து மேஜைக்காரரிடம் ஒரே கருவியை மூன்று முறை இரவல் கேட்க நேர்ந்தால், அதுவே அடுத்து வாங்க வேண்டியது. வாங்கியதில் தம் அடையாளத்தைப் பொறித்துக்கொள்வது நல்லது. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மழைக்காலம் நாலு மாதம் நீடிக்கும் இந்த ஊரில், தினமும் மாலையில் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து, எண்ணிப் பார்த்துப் பெட்டியில் வைப்பவரின் கருவி அவர் மகன் காலத்துக்கும் நிற்கும்.