உங்களுக்குத் தெரியுமா? காலைக் கள் வேறு, மாலைக் கள் வேறு

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கியாந்தி வைனை ஊற்றித் தந்து, எந்த உணவோடு எது சேரும் என்று சொல்லிக்கொடுக்க வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இலங்கையின் சிலாபம், மாரவில, வென்னப்புவக் கரையோரத்தில் அந்தப் பாடத்தைத் தென்னங்கள்ளே நடத்திவிடும்.

விரியாத பாளையை இறுகக் கட்டி, நாட்கணக்கில் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவினால் சாறு முட்டிக்குள் சொட்டும். சீவல் தொழிலாளி மரத்துக்கு மரம் இறங்கி ஏறுவதில்லை. மரங்களுக்கு இடையே கட்டிய இரண்டு கயிறுகளில் மேல் கயிற்றைப் பிடித்து, கீழ்க் கயிற்றில் கால்வைத்து, உச்சியிலேயே அடுத்த மரத்துக்கு நடந்துவிடுவார். பார்ப்பவருக்குத்தான் வயிறு கலங்கும்!

வைன் பக்குவப்பட மாதங்கள் வேண்டும். கள்ளுக்குச் சில மணிநேரம் போதும். காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் சாற்றின் சீனியை உடனே மதுசாரமாக்கத் தொடங்கிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இந்த வேலை தடைப்பட்டு, குடிக்காதவர்களுக்கும் ஏற்ற இனிப்புச் சாறு கிடைக்கும்.

காலையில் இறக்கியது இனிப்பு. சிலாபத்து நண்டுக் கறியின் உறைப்புக்கு அதுவே சரி. பொழுது சாயப் புளிப்பும் நுரையும் ஏறிவிடும். அப்போது பொரித்த கருவாடுதான் பொருத்தம். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு கழுவிவிடுகிறது. தவறணையில் இதை யாரும் விளக்குவதில்லை, தட்டு தானாக வரும்.

மிஞ்சிய கள்ளைத் தாமதிக்காமல் வடித்தால் சாராயம். விட்டுவைத்தால் வினாகிரி, அதற்கு அச்சாறுப் பானை காத்திருக்கும்.