விலைச்சீட்டில் 2 எண்கள்: எல்லையில் ஏறும் டி-ஷர்ட் விலை

அமெரிக்க நிறுவனங்கள் கனடாவில் நடத்தும் துணிக்கடைகளில் பல ஆண்டுகளாக ஒரே விலைச்சீட்டில் 2 விலைகள் அச்சாகி வந்தன: ஒன்று அமெரிக்க டாலரில், மற்றது கனடிய டாலரில். தைக்கும் ஆலையிலேயே சீட்டைக் கோத்து அனுப்பிவிட்டால் இரு நாட்டுக் கடைக்கும் அது போதும். சில கடைகளில் அமெரிக்க விலையின்மேல் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் உள்ள எண் தெரியும்.

அந்த 2 எண்களைக் கொண்டு யாரும் செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. கனடிய விலையை அமெரிக்க விலையால் வகுத்தால் வருவது, அந்தக் கடை தனக்கென்று வைத்துக்கொண்ட நாணய மாற்று வீதம். அன்றைய சந்தை வீதத்தோடு அதை ஒப்பிட்டால் வாங்குபவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார் என்பது சென்ட் வரை தெரிந்துவிடும்.

கூட்டிக் கழிக்க எளிதாக ஒரு மாதிரிச் சட்டையை எடுத்துக்கொள்கிறேன். பருத்தி டி-ஷர்ட், சீட்டில் அமெரிக்க விலை 20 டாலர், கனடிய விலை 25 டாலர். கடையின் வீதம் 1.25.

கணக்கு 1: மாற்று வீதம்

2002 ஜனவரியில் கனடிய டாலர் வரலாறு காணாத அளவுக்கு விழுந்து, 62 அமெரிக்க சென்ட்டுக்கும் கீழே போனது. பிறகு எண்ணெய் விலையோடு சேர்ந்து ஏறியது. 2007 செப்டம்பர் 20 அன்று, 1976-க்குப் பிறகு முதல்முறையாக ஒரு கனடிய டாலர் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் 1.10 அமெரிக்க டாலர் வரை போய்த் திரும்பியது. கனடிய மத்திய வங்கியின் ஆண்டுச் சராசரி வீதப்படி 20 அமெரிக்க டாலர் சட்டையின் கனடிய விலை இப்படி இருந்திருக்க வேண்டும்:

2002: வீதம் 1.5704, விலை 31.41
2007: வீதம் 1.0748, விலை 21.50
2009: வீதம் 1.1420, விலை 22.84
2011: வீதம் 0.9891, விலை 19.78
2012: வீதம் 0.9996, விலை 19.99
2013: வீதம் 1.0299, விலை 20.60
2016: வீதம் 1.3248, விலை 26.50

25 டாலர் சீட்டை இந்தப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2007-இல் 3.50 டாலர் கூடுதல். 2011-இல் 5.22. 2012-இல் 5.01. அதே சீட்டு 2016 வரை மாறாமல் இருந்திருந்தால் 1.50 டாலர் கடைக்குத்தான் நட்டம். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாணயம் இரு பக்கமும் அசையும். சீட்டில் அச்சடித்த எண் அதன் பின்னாலேயே தினமும் ஓட முடியாது. கடைகள் 6 மாதம், 9 மாதம் முன்பே கொள்முதல் செய்கின்றன. அன்றைய வீதத்தில் டாலரை முன்கூட்டியே வாங்கி வைக்கின்றன. ஆகவே ஒரு பருவத்துக்கு விலை பின்தங்குவதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 2010 தொடங்கி 2013 வரை 4 ஆண்டுகள் இரு டாலரும் ஏறக்குறைய ஒரே மதிப்பில் நின்றன. துணிக்கடைக்கு அது 8 பருவம். அதன் பிறகும் 1.25 என்று சீட்டு வந்தால் அதற்குத் தாமதம் காரணமாக இருக்க முடியாது.

கணக்கு 2: சுங்க வரி

காரணம் கேட்டால் கடைகளிடமிருந்து முதலில் வரும் பதில் சுங்க வரி. கனடா ஆடைகளுக்கு 18 சதவீதம் வரை வரி விதிக்கிறது என்பது உண்மைதான். அந்த 18 சதவீதம் எதன்மேல் என்பதைப் பார்க்க வேண்டும்.

வரி, துறைமுகத்தில் ஏற்றும்போது உள்ள மதிப்பின்மேல் போடப்படுகிறது. கடை விலையின்மேல் அல்ல. 20 டாலருக்கு விற்கும் டி-ஷர்ட்டின் ஏற்றுமதி விலை 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரில் தைத்த சட்டை அன்று கனடாவில் 18 சதவீதம் கட்டியது: 72 சென்ட். அதே சட்டை அமெரிக்காவில் 16.5 சதவீதம் கட்டியது: 66 சென்ட். வித்தியாசம் 6 சென்ட். விலைச்சீட்டில் இருக்கும் வித்தியாசம் 5 டாலர்.

சட்டை வங்கதேசத்தில் தைத்ததாக இருந்தால் கணக்கு தலைகீழ். மிகவும் பின்தங்கிய நாடுகளின் ஆடைகளுக்குக் கனடா 2003 முதல் சுங்க வரியை நீக்கிவிட்டது. வங்கதேசமும் கம்போடியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. அமெரிக்கா வங்கதேச டி-ஷர்ட்டுக்கு அப்படி விலக்கு தரவில்லை. ஆக டாக்காவிலிருந்து வரும் சட்டை கனடாவுக்குள் வரியில்லாமலும், அமெரிக்காவுக்குள் 66 சென்ட் வரியோடும் நுழைந்தது. வரி குறைந்த நாட்டில்தான் விலை கூடுதல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சரக்கை நேரே கனடாவுக்கு அனுப்பினால்தான் இந்த விலக்கு. அமெரிக்கக் கிடங்கில் இறக்கி, அங்கே வரி கட்டிவிட்டு, பின்னர் லாரியில் வடக்கே அனுப்பினால் சலுகை போய்விடும். கனடாவுக்கென்று தனிச் சரக்கு வழி வைக்காத நிறுவனம் இந்தச் செலவைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. அந்தச் செலவைக் கடைசியில் தாங்குபவர் வாங்குபவர்.

கணக்கு 3: கூலி, அளவு, லேபிள்

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் எண்ணாக்கிப் பார்க்கலாம். 2012-இல் ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10.25 டாலர், நியூயார்க் மாநிலத்தில் 7.25. அதாவது 41 சதவீதம் கூடுதல். சட்டை விலையில் கடை ஆட்களின் கூலிப் பங்கு 15 சதவீதம் என்று வைத்தால் 20 டாலரில் 3 டாலர் கூலி. கனடாவில் அது 4.24 ஆகும். கூடுதல் 1.24.

சந்தை சிறியது. 2011 கணக்கெடுப்பில் கனடாவின் மக்கள்தொகை 3.35 கோடி, 2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவுடையது 30.87 கோடி. 9-இல் ஒரு பங்கு மக்கள், அதுவும் நீண்டு கிடக்கும் நாட்டில் சிதறி இருப்பதால் ஏற்றியிறக்கும் செலவு கூடும். ஆங்கிலம், பிரெஞ்சு என இரு மொழியில் லேபிள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் தாராளமாகவே 70 சென்ட் ஒதுக்குகிறேன்.

சுங்க வரி வித்தியாசம்: 0.06
கூலி வித்தியாசம்: 1.24
ஏற்றியிறக்கல், லேபிள், சிறிய சந்தை: 0.70
மொத்தம்: 2.00 டாலர்

5 டாலரில் 2 டாலருக்குக் காரணம் சொல்ல முடிகிறது. மீதி 3 டாலருக்கு, இந்தச் சந்தையில் அவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஏற்றுமதி விலையும் கூலிப் பங்கும் நான் வைத்துக்கொண்ட எண்கள். அவை தவறென்றால் சரியான எண்கள் கடைகளிடம் இருக்கின்றன. அவர்கள் வெளியிடட்டும், இந்தக் கணக்கை மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்ளலாம்.

கணக்கு 4: எல்லையைக் கடந்து போனால்

"அதிகம் என்றால் பஃபலோ போய் வாங்குங்கள்" என்பது டொராண்டோவில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. அதன் செலவையும் எழுதிப் பார்ப்போம். எல்லாம் 2012-இன் வீதத்தில்.

ஒன்டாரியோவில் சட்டையின் 25 டாலருக்கு மேல் 13 சதவீத விற்பனை வரி: கல்லாவில் 28.25. எல்லைக்கு அப்பால், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில், 110 டாலருக்குக் குறைந்த ஆடைக்கு மாநில வரி கிடையாது. உள்ளூர் வரி 4.75 சதவீதம் மட்டும்: 20.95. கனடிய வங்கி அட்டையில் கட்டினால் அந்நிய நாணயக் கட்டணம் பெரும்பாலும் 2.5 சதவீதம்: 21.47. ஒரு சட்டைக்கு மிச்சம் 6.78.

போய்வர 340 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர், லிட்டர் 1.30 என்றால் பெட்ரோலுக்கு 35 டாலர். 6 சட்டை வாங்கினால் பயணச் செலவு ஈடாகிவிடும். சீட்டில் மட்டும் நேரான வீதம் இருந்திருந்தால் ஒன்டாரியோக் கல்லாவில் 22.60 ஆகியிருக்கும்; மிச்சம் வெறும் 1.13. அந்தப் பெட்ரோலுக்கு 31 சட்டை வாங்க வேண்டும். யாரும் போகமாட்டார்கள். வாடிக்கையாளரை எல்லைக்கு அப்பால் அனுப்பியது பக்கத்து நாட்டின் மலிவு என்பதைவிட இந்த 1.25-தான்.

திரும்பி வரும்போது இன்னொரு வரவு-செலவு இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு வரி விலக்கே கிடையாது. 2012 ஜூன் 1 முதல் 24 மணி நேரம் தங்கியவருக்கு 200 டாலர் வரையும், 48 மணி நேரம் தங்கியவருக்கு 800 டாலர் வரையும் விலக்கு. அன்றே திரும்பும் ஒருவர் சீனாவில் தைத்த சட்டையைச் சட்டப்படி அறிவித்தால் 18 சதவீதச் சுங்கம் 3.60, அந்தத் தொகையும் சேர்த்த 23.60-இன்மேல் 13 சதவீதம் 3.07, மொத்தம் 6.67. கையில் நிற்பது 11 சென்ட்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 3.60. நிறுவனம் 4 டாலர் ஏற்றுமதி விலையின்மேல் 72 சென்ட் கட்டிவிட்டுச் சட்டையை உள்ளே கொண்டுவருகிறது. தனிமனிதர் கடை விலையின்மேல் 3.60 கட்டுகிறார். சட்டையும் ஒன்று, வரி வீதமும் ஒன்று. கட்டும் தொகை 5 மடங்கு. நிறுவனம் கனடாவில் விலையை உயர்த்தி வைக்க முடிவதற்கு இந்த 5 மடங்கு சுவரும் ஒரு காரணம்.

கணக்கு 5: யார் கட்டுகிறார்கள்

கார் இருக்கிறவர், கனடியக் கடவுச்சீட்டு இருக்கிறவர், ஓர் இரவு தங்கப் பணம் இருக்கிறவர் 200 டாலர் விலக்கோடு திரும்பிவிடுவார். 4 பேர் குடும்பத்துக்கு 800 டாலர். அவர்களுக்கு இந்த விலை ஏற்றம் ஒரு தொந்தரவு மட்டுமே.

நிரந்தர வசிப்புரிமை பெற்றும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசா வேண்டும். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவரின் கடவுச்சீட்டை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவரால் எல்லைப் பக்கமே போக முடியாது. 2010 ஆகஸ்ட்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இரு டாலரும் சமமாக நின்ற ஆண்டுகள்தான் அவர்கள் தீர்ப்புக்குக் காத்திருந்த ஆண்டுகளும். வெயில் நாட்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு முதல் பனிக்காலத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் வேண்டும்: தடித்த ஜாக்கெட், பூட்ஸ், கையுறை, குல்லாய், உள்ளே போடும் பனியன், அதுவும் ஆளுக்கொன்று. எந்த மாதம் மலிவு என்று பார்த்து வாங்க அவர்களுக்கு நேரமில்லை. நவம்பரில் பிள்ளை பள்ளிக்குப் போயாக வேண்டும்.

அந்தக் குடும்பம் ஓராண்டில் 800 அமெரிக்க டாலர் மதிப்புள்ள துணிமணி வாங்குகிறது என்று வைப்போம். 1.25 வீதத்தில் 1,000 கனடிய டாலர். கூடுதல் 200. மணிக்கு 10.25 கூலியில் அது 19 மணி 30 நிமிட உழைப்பு. கடையின் நியாயமான செலவுக்கு 5-இல் 2 பங்கைக் கழித்தாலும் 120 டாலர் நிற்கிறது: ஏறக்குறைய 12 மணி நேரம். ஒரு முழு ஷிப்டும் அடுத்த ஷிப்டில் பாதியும் நின்று உழைத்த கூலி, சீட்டில் அச்சான ஒரு வீதத்துக்குப் போகிறது. எல்லையைத் தாண்ட முடியாதவர் அதிகம் கொடுக்கிறார். தாண்ட முடியாமல் இருப்பவர்களில் பெரும்பாலோர் குறைவாகச் சம்பாதிப்பவர்கள்.

கணக்கு 6: அரசு செய்தது

2007-இலேயே நிதி அமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி சில்லறை வணிகர்களை அழைத்து இதைப் பேசினார். பிறகு அவர் கேட்டபடி செனட்டின் நிதிக் குழு விசாரித்து 2013 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அறுதியான ஒரு விளக்கம் தர இயலவில்லை என்றே குழு எழுதியது. சுங்க வரிகளை ஆராயச் சொன்னது. அடுத்த மாத பட்ஜெட்டில் கைக்குழந்தைகளின் ஆடைகளுக்கும் சில விளையாட்டுக் கருவிகளுக்கும் வரி நீக்கப்பட்டது, ஆண்டுக்கு 7.6 கோடி டாலர் சலுகை. மேலே சொன்ன கனடிய மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்குச் சுமார் 2.27 டாலர். நம் மாதிரிச் சட்டை ஒன்றின் காரணமில்லாத 3 டாலருக்குக்கூட அது எட்டவில்லை.

2014 டிசம்பரில் விலை வெளிப்படைத்தன்மை மசோதா வந்தது. நாட்டுக்கு நாடு விலை ஏன் மாறுகிறது என்ற விவரத்தை நிறுவனங்களிடமிருந்து நீதிமன்ற ஆணை மூலம் கேட்டு வாங்கிப் போட்டி ஆணையர் வெளியிடலாம் என்பது அதன் சாரம். விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதில் இல்லை. கேள்வி கேட்கும் அதிகாரம் மட்டும் இருந்தது. 2015 ஆகஸ்ட்டில் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைந்தபோது மசோதா காலாவதியாயிற்று.

மீதிக் கணக்கு

இன்று கனடிய டாலர் இறங்கியிருக்கிறது. 2024-இன் சராசரி வீதம் 1.3698, 20 அமெரிக்க டாலர் சட்டைக்கு நேர் விலை 27.40. சீட்டில் 28 என்று இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 32 என்று இருந்தால் கடையின் வீதம் 1.60. வகுத்துப் பார்க்கும் வேலை எந்த ஆண்டுக்கும் பொருந்தும். ஒரே நிறுவனத்தின் இணையக் கடையை இரு நாட்டுக்கும் திறந்து வைத்தால் ஸ்டிக்கரைக் கிளப்பவும் தேவையில்லை.

விலையை அரசு நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடை நடத்துபவருக்குச் செலவு உண்டு, லாபமும் வேண்டும். ஆனால் அட்டையில் 2.5 சதவீதம் எடுக்கும் வங்கி அதைத் தன் ஒப்பந்தத்தில் எழுதித்தான் எடுக்கிறது. 25 சதவீதம் எடுக்கும் கடைக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 2 நாணயத்தில் விலை போடும் கடை, எந்த வீதத்தில் போட்டது, எந்தத் தேதியின் வீதம் என்ற 2 விவரங்களைக் கல்லாவின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதற்குமேல் கூடுதல் உண்டென்றால் அதைக் கூடுதல் என்றே எழுதட்டும். எழுதிய பிறகு வாங்குவதும் விடுவதும் வாங்குபவர் பாடு.