மகளிர் கால்பந்து லீக்: கோப்பை யாருக்கு என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

சில வாரங்களுக்கு முன் ஒரு தந்தை நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் கால்பந்து அணியில் ஆடி, மாவட்டப் போட்டி வரை போய் வந்திருக்கிறாள். "ஹஜ்ரத், பிள்ளை நல்லாத்தான் விளையாடுது. விட்டுடாதீங்கன்னு பி.டி. சாரும் சொல்றாரு. ஆனா இதுல ஒரு பிழைப்பு இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. விவரம் தெரியாமல் 'ஆம்' என்றாலும் தவறு, 'இல்லை' என்றாலும் தவறு. பார்த்துச் சொல்கிறோம் என்றோம். இந்திய மகளிர் லீக்கின் 2025-26 சீசன் நெருங்கி வந்த நேரத்தில், அவருக்குச் சொன்ன பதிலை எல்லாப் பெற்றோருக்குமாக இங்கே விளக்குகிறோம்.

எட்டு அணிகள், எட்டு ஊர்க் கனவுகள்

இந்திய மகளிர் லீக் என்பது நம் நாட்டில் பெண்களுக்கான முதல்நிலை கால்பந்துப் போட்டி. இதை நடத்துவது அகில இந்திய கால்பந்து சம்மேளனம். 2025-26 சீசனுக்கான அணிகள் எட்டு. கொல்கத்தாவிலிருந்து ஈஸ்ட் பெங்கால், ஸ்ரீபூமி. கோழிக்கோட்டிலிருந்து கோகுலம் கேரளா. பெங்களூருவிலிருந்து கிக்ஸ்டார்ட். ஒடிசாவின் கட்டாக்கிலிருந்து நீதா கால்பந்து அகாடமி. நம் மதுரையிலிருந்து சேது. இரண்டாம் நிலை லீக்கில் வென்று புதிதாக மேலே வந்தவை டெல்லியின் கர்வால் யுனைடெட்டும் கோவாவின் செசாவும்.

இவர்கள் இருவருக்கும் இடம் கொடுத்து வெளியேறியவை ஹாப்ஸ், ஒடிசா ஆகிய அணிகள். இதில் ஒடிசா 2023-24 சீசனின் சாம்பியன். 12 ஆட்டங்களில் 31 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வென்ற அணி, அடுத்த ஆண்டே கடைசி இரண்டு இடங்களுக்குள் விழுந்து கீழ்நிலைக்கு இறங்கியது. அந்த 2024-25 சீசனின் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றது. அதிக கோல் அடித்தவர் கோகுலத்தின் உகாண்டா வீராங்கனை ஃபசீலா இக்வாபுட். அவர் அடித்தவை 24 கோல்கள்.

இதெல்லாம் விளையாட்டுப் பக்கச் செய்தி. அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை இதில் இல்லை. அது சீசனின் நீளத்தில் இருக்கிறது.

மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்கு

இந்த லீக்கின் முதல் சீசன் 2016-17. அதன் இறுதிச் சுற்றில் ஆடியவை ஆறு அணிகள். எல்லா ஆட்டங்களும் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டன. கோப்பை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்குப் போனது.

அதன் பிறகும் பல ஆண்டுகள் இதே முறைதான். ஏதாவது ஒரு நகரத்தில் அணிகளைக் கூட்டி, சில வாரங்களில் முடித்து அனுப்பிவிடுவார்கள். 2019-இல் லூதியானாவில் நடந்தபோது சேது அணி மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று கோப்பையை மதுரைக்குக் கொண்டு வந்தது. 2020-இல் பெங்களூரு, 2022-இல் புவனேஸ்வர், 2023-இல் அகமதாபாத் என்று இடம் மாறியது. இந்த மூன்று முறையும் கோகுலம்தான் சாம்பியன். இடையில் 2020-21 சீசன் கொரோனாவால் நடக்கவே இல்லை.

மாற்றம் 2023-24-இல் வந்தது. ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் இருமுறை மோதும், ஒரு முறை சொந்த ஊரில், ஒரு முறை எதிரணியின் ஊரில் என்ற முறை தொடங்கியது. அந்த முறை ஏழு அணிகள். அடுத்த சீசனில் எட்டு அணிகள். 2025 ஜனவரி 10-இல் தொடங்கி ஏப்ரல் 18 வரை நடந்தது. மூன்று வாரமாக இருந்தது மூன்று மாதமாக வளர்ந்தது.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று சிலர் கேட்கலாம். மூன்று வாரப் போட்டிக்காக எந்தக் கிளப்பும் ஆண்டு முழுக்கப் பயிற்சியாளரையும் பிசியோவையும் வைத்துக்கொள்ளாது. வீராங்கனையை ஒரு மாதத்துக்கு அழைத்து, போட்டி முடிந்ததும் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடும். சொந்த ஊரில் ஆட்டம் இல்லையென்றால் உள்ளூர் மக்கள் பார்க்க மாட்டார்கள். பார்ப்பவர் இல்லாத இடத்துக்கு விளம்பரதாரரும் வரமாட்டார். ஆக, சீசன் நீண்டால்தான் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால்தான் அது பிழைப்பு.

21 மணி நேரம்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு அணிகள் இருமுறை மோதினால் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 90 நிமிடம். ஓர் ஆட்டம்கூட விடாமல், ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடும் வீராங்கனைக்கும் முதல்நிலை லீக்கில் ஆண்டுக்குக் கிடைப்பது 21 மணி நேரம்.

ஆண்களுக்கான ஐ.எஸ்.எல். தொடரில் 2024-25-இல் 13 அணிகள் ஆடின. லீக் சுற்றில் மட்டும் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள். ஜப்பானின் தொழில்முறை மகளிர் லீக்கில் 12 அணிகள், 22 ஆட்டங்கள். ஜப்பான் பெண்களுக்கான தேசிய லீக்கை 1989-இலேயே தொடங்கிவிட்டது. 2011-இல் அந்நாட்டுப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது, அதற்குப் பின்னால் 22 ஆண்டுகள் தொடர்ந்து நடந்த லீக் இருந்தது.

சம்பளம் என்ன?

முதல்நிலைக் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும் என்று சம்மேளனம் 2023-இல் அறிவித்தது. மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 26,600 ரூபாய். இது நல்ல தொடக்கம்தான். ஆனால் ஓர் அணியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருப்பார்கள். பதினோராவது பெண்ணுக்கு இந்த உறுதி இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதனால்தான் அனுபவமுள்ள பலர் அரசு வேலையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் சேது அணிக்கும் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கின்போது அவர் சென்னையில் காவல் பணியில் நின்றார். கால்பந்து அவருக்கு வேலைக்கான கதவைத் திறந்தது. மாதச் சம்பளத்தைத் தந்தது அந்த வேலை.

நிர்வாகம் சறுக்கினால்

இந்தப் பெண்கள் எவ்வளவு உழைத்தாலும் அவர்கள் கையில் இல்லாத ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டில் ஆசியக் கிளப் போட்டியில் ஆட கோகுலம் அணி உஸ்பெகிஸ்தானில் போய் இறங்கியது. அதே நேரத்தில், இந்தியச் சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகச் சொல்லி ஃபிஃபா அதை இடைநீக்கம் செய்தது. பதினோரு நாள்களில், ஆகஸ்ட் 26-இல், தடை நீங்கிவிட்டது. ஆனால் போட்டி அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். தவறு அலுவலகத்தில் நடந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மைதானத்துக்கு வந்த பெண்கள்.

2025-இலும் கவலைக்கு இடமிருந்தது. சம்மேளனம் தன் வணிகக் கூட்டாளியோடு 2010-இல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. இதனால் ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டது, அது தலைப்புச் செய்தியானது. பெரிய வீட்டிலேயே அடுப்பு எரியுமா என்ற கேள்வி வந்தால், சின்ன வீட்டின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது பயணச் செலவு. பயணச் செலவை வெட்டினால் மறுபடியும் ஒரே நகரம், சில வாரம் என்ற பழைய முறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். 2025-26 சீசனில் உண்மையாகவே பணயத்தில் இருந்தது இதுதான்.

அதுவும் எந்த நேரத்தில்? 2025 ஜூலை 5 அன்று இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வீழ்த்தி, தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். இரண்டு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த அந்தப் போட்டியில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே ஆகியவை நம் பிரிவில் இருந்தன. 2027 உலகக் கோப்பைக்கான வாசலும் அதுவே. தேசிய அணியின் முகாமுக்காக லீக்கைச் சுருக்கலாம் என்று தோன்றும். ஆனால் தேசிய முகாமுக்குப் போவது சில டஜன் பேர்தான். லீக்கை நம்பி நிற்பவர்கள் எட்டு அணிகளின் பெண்கள் எல்லோரும். நடுவில் இடைவெளி விட்டுத் தொடரலாம். ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது.

பெற்றோருக்கு

அந்தத் தந்தையிடம் நாம் சொன்னது இதுதான். இதில் பிழைப்பு உண்டு. ஆனால் இன்றைய நிலையில் இதை மட்டுமே நம்பும் அளவுக்கு இல்லை. மகள் ஆடட்டும், படிப்பையும் விடாமல் தொடரட்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் அரசு வேலையும் கிடைக்கும் வழிகளை இப்போதே கேட்டு வையுங்கள். நாளை ஏதாவது கிளப் அழைத்தால் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஒப்பந்தம் எத்தனை மாதம், சம்பளம் எந்தத் தேதியில் வரும், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, தங்கும் இடத்தில் பொறுப்பாளர் யார்.

உடையைப் பற்றியும் அவர் கேட்டார். தலையை மறைத்து ஆட கால்பந்து விதிகள் 2014 முதல் அனுமதிக்கின்றன. மொராக்கோவின் நுஹைலா பென்சினா 2023 உலகக் கோப்பையிலேயே ஹிஜாபுடன் ஆடினார். எனவே விதியின் பக்கம் தடை இல்லை என்றோம்.

அவர் போகும்போது, "அப்போ இந்தத் தடவை எத்தனை மேட்ச் நடத்துறாங்கன்னு பார்ப்போம் ஹஜ்ரத்" என்றார். யார் ஜெயிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டுவிட்டுப் போனார்.