பைக் பேட்டரிக்கு நிதானமாகத்தான் ஏற்ற வேண்டும்

இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து செல்ஃப் பட்டனை அழுத்தினால், 'டக் டக்' என்று ரிலே மட்டும் அடிக்கும், எஞ்சின் சுற்றாது. பேட்டரி இறங்கிவிட்டது. முன்பெல்லாம் நாலு உதை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். இல்லையென்றால் தெருவில் நிற்கிற யாராவது தள்ளிவிடுவார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, புது வண்டிகள் அநேகமாக எல்லாமே கார்புரேட்டரை விட்டு ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோலைத் தள்ளும் பம்புக்கே பேட்டரி மின்சாரம் வேண்டும். அடியோடு இறங்கிவிட்டால் தெருமுனை வரை தள்ளினாலும் பெரும்பாலும் பயனில்லை. பல வண்டிகளில் கிக்கரும் கிடையாது.

வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. எதை வைத்துப் போடுகிறோம் என்பதில்தான் ஆபத்து.

பைக் பேட்டரி, கார் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மூன்றின் மேலும் '12 வோல்ட்' என்றுதான் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றுதானே என்று இன்வெர்ட்டரிலிருந்தோ கார் சார்ஜரிலிருந்தோ வயரை இழுத்து மாட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது ஆம்பியர்-அவரை. சாதாரண பைக், ஸ்கூட்டர்களில் இருப்பது 3 முதல் 5. புல்லட் மாதிரி பெரிய வண்டிகளில் 14 வரை போகும். காரில் 35-க்குக் குறையாது. இன்வெர்ட்டர் பேட்டரி பெரும்பாலும் 150. அந்த எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றுவதுதான் பாதுகாப்பு. 4 என்று போட்டிருந்தால் 0.4 ஆம்பியர் போதும்; காலி பேட்டரி நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அதே பேட்டரியில் இன்வெர்ட்டரின் 10 ஆம்பியரை விட்டால் உள்ளே ஈயத் தகடுகள் சூடேறி வளையும். ஆசிட்டில் இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக வெளியேறும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். கிளிப்பை எடுக்கும்போது வரும் ஒரு பொறி போதும். பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். கண் போகிற விஷயம் இது.

வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் பேட்டரி நிரம்பாது. உள்ளே ஆறு செல்கள். அவை முழுதாக ஏற 14.4 வோல்ட் அளவுக்குக் கொடுத்தாக வேண்டும், நிரம்பியதும் குறைக்கவும் வேண்டும். இதைத் தானாகச் செய்கிற ஆட்டோமேட்டிக் பைக் சார்ஜர் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்குங்கள். லித்தியம் பேட்டரி வைத்த வண்டி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர்தான்.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, கோளாறு வேறெங்காவது இருக்கலாம். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. சார்ஜ் போட்ட பிறகும் 10.5-ஐ ஒட்டியே நின்றால் ஒரு செல் செத்திருக்கலாம். பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ சார்ஜரைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

கழற்றும்போது மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். தங்க மோதிரம் பாசிட்டிவ் டெர்மினலையும் வண்டியின் இரும்பையும் ஒருசேரத் தொட்டால், விரலைச் சுற்றிச் சுட்டுவிடும். முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ். அதை எடுத்துவிட்டால், பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காது. பல பேட்டரிகளில் டெர்மினலுக்குள் ஒரு சின்னச் சதுர நட்டு ஒட்டாமல் கிடக்கும். போல்ட்டை எடுத்ததும் அது நழுவி விழுந்து எங்காவது இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அடியில் ஒரு துண்டு ரப்பர் டியூப்பைச் செருகிவிட்டால் நிற்கும்.

சமையலறையில் சார்ஜ் போடக் கூடாது. விளக்கும் ஊதுபத்தியும் எரிகிற பூஜை இடத்துக்குப் பக்கத்திலும் கூடாது. காற்றோடுகிற வராந்தா நல்லது. சிவப்பு கிளிப்பை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது முதலில் சுவிட்ச், அப்புறம் கிளிப். நடுவே தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத அளவு சூடென்றால் நிறுத்திவிடுங்கள்.

மூடி திறக்கிற பழைய வகையென்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றலாம். ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். தகடு மூழ்குகிற அளவுக்கு ஊற்றி, சார்ஜ் முடிந்ததும் மேல்கோடு வரை நிரப்புங்கள். ஏறும்போது மட்டம் உயரும். சீல் வைத்ததைத் திறக்கவே கூடாது. தரையில் சிந்திய ஆசிட்டுக்கு ஆப்ப சோடா. கண்ணிலோ தோலிலோ பட்டால் தண்ணீர் மட்டும்தான். குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, கண்ணென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டு வைப்பதும் அதைக் கொல்வதுதான். 1859-இல் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த அதே ஈய-ஆசிட் வேதியியல்தான் இன்றும். காலியாகக் கிடக்கும்போது தகட்டில் படியும் ஈய சல்ஃபேட் நாளாக நாளாக இறுகி, பிறகு கரையாது. தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரிகிறது. ஐட்லிங்கில் வருகிற கொஞ்ச மின்சாரத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். வண்டியை எடுத்து அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 12.6-க்கு மேல் நின்றால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து டெர்மினலில் மீட்டரை வையுங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ரெகுலேட்டரையோ காயிலையோ மெக்கானிக் பார்க்கட்டும்.