பரிசோதகர் வருமுன் உங்கள் சமையலறை தயாரா?

அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வீட்டிலேயே ரோல்ஸ், பற்றிஸ், சமோசா தயாரித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் குடும்பங்கள் பல. வீட்டுத் தொழில்தானே என்று அனுமதிப்பத்திரத்தைத் தள்ளிப் போடுகிறோம். ஆனால், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்பனைக்கு உணவு தயாரிக்கும் எவருக்கும் பொருந்தும்.

அனுமதிக்கு விண்ணப்பித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) நேரில் வந்து பார்ப்பார். முதலில், வீட்டுச் சமையலையும் வியாபாரச் சமையலையும் பிரித்துவிடுங்கள். கோழி, பூனை உள்ளே வரக்கூடாது. குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி வையுங்கள். குளிர்பெட்டி 5 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது. வேலை செய்வோரின் மருத்துவச் சான்றிதழையும் தண்ணீர்ப் பில்லையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரில் வெள்ளம் புகுவது தெரிந்ததே. அங்குள்ளவர்கள் மாவையும் சீனியையும் உயரமான தட்டிலேயே அடுக்க வேண்டும். முற்றத்துச் சிரட்டையில் தண்ணீர் தேங்கினால், டெங்குக் குற்றச்சாட்டு வேறு.

முதல்நாள் மட்டும் கழுவித் துடைத்துப் பயனில்லை. வழக்கு வந்தால் தண்டப்பணத்தைக் கட்டிவிடலாம். போன நம்பிக்கையை எங்கே வாங்குவது? வுழூவில் காட்டும் கவனத்தை அடுப்படியிலும் தினமும் காட்டுவோம். உண்பவரின் ஆரோக்கியமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.